விரிப்பின் மறுமுனை

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். தலையணை உறையை ஒருத்தி தனியாக மடித்துவிடலாம், துண்டையும் மடித்துவிடலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போடுகிற அந்த நீளமான வெள்ளை விரிப்பை மட்டும் ஒண்டியாக மடிக்கப் போனால் பாதி தரையில் புரளும். தரையில் பட்டது மறுபடி தொட்டிக்குத்தான் போக வேண்டும். அதனால் லாண்டரியில் மடிப்பு வேலைக்கு எப்போதும் ஜோடியாகத்தான் ஆள் போடுவார்கள்.

அப்படி ஒரு ஜோடிதான் அக்காக்காரியும் அவளுடைய தம்பி பெண்டாட்டியும். ஒரே வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து, நாளெல்லாம் ஒரே விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து எதிரெதிரே நின்று, மறுபடி ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறவர்கள். பேச்சு மட்டும் கிடையாது. சண்டையா என்றால் அதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது என்றைக்காவது சமாதானம் ஆகியிருக்கலாம். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அக்காக்காரி ஒரு பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தாள். “வாங்க அண்ணி” என்றாள் தம்பி பெண்டாட்டி. அதற்கப்புறம் “சாப்பிடுங்க அண்ணி”, “பஸ் வந்துடுச்சு அண்ணி”. இவள் பதிலுக்கு “இந்தா” என்று ஆரம்பிப்பாள். “இந்தா, உப்பு தீந்துபோச்சு.” அவ்வளவுதான். வருஷங்கள் ஓடிவிட்டன. இரண்டு பேரும் நல்லவர்கள். நல்லவர்கள் இரண்டு பேர் ஒரு வீட்டில் சேர்ந்தால் இந்தக் கஷ்டம் உண்டு, யாரும் யாரையும் எதுவும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்.

மடிப்பு வேலையைப் பார்க்க வேண்டும். இஸ்திரி போடும் உருளை மெஷினிலிருந்து விரிப்பு சுடச்சுட வெளியே வரும். ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, விலகி நின்று, ஓர் உதறு. அகலவாட்டில் ஒரு மடிப்பு, அதன்மேல் இன்னொன்று. அப்புறம் இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டும். நடுவில் சந்திக்கும்போது தம்பி பெண்டாட்டி தன் முனையை அக்காக்காரி கையில் கொடுத்துவிட்டு, குனிந்து, தொங்குகிற மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவாள். மறுபடி வருவாள், மறுபடி கொடுப்பாள். அவள் கொடுக்கிற கை, இவள் வாங்குகிற கை. முதல் நாள் தற்செயலாக அப்படி நின்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. அந்த முகம் இந்த முகத்துக்குக் கிட்டே வரும், போகும். கிட்டே வந்தபோது என்ன சொல்வதென்று இருவருக்கும் தெரியாது.

இந்தத் தம்பி பெண்டாட்டிதான் திடீரென்று ஒரு நாள் வீட்டிலிருந்தே படிக்கிற தொலைதூரக் கல்வியில் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சேர்ந்தாள். தோளுக்கு மேல் வளர்ந்த மகன் வெளியூர் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். தபாலில் புத்தகக் கட்டு வந்து இறங்கியதைப் பார்த்து அவனுக்கு வந்ததாக்கும் என்று தபால்காரரே நினைத்தார்.

யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்வி. இந்த வயசில் எதுக்கு? அவளும் சளைக்காமல் பதில் சொன்னாள். லாண்டரி சூப்பர்வைசருக்கு ‘நீராவி’ என்று பெயர். வாயைத் திறந்தால் புஸ்ஸென்றுதான் வரும். அவர் கேட்டதற்கு, “சூப்பர்வைசர் வேலைக்குப் பன்னண்டாவது வேணுமாமே சார்” என்றாள். மனுஷன் ரொம்ப நாளைக்குத் தன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே யோசித்தார். எதிர்வீட்டுக்காரியிடம், “பையன் லீவுக்கு வந்தா அவன் பேசுறது நமக்குப் புரியணும்ல” என்றாள். புருஷனிடம், “சும்மாதாங்க, டி.வி. பாக்குற நேரத்துல” என்றாள். அவன் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன், வாய் அவனுக்குப் பிரஷ்ஷைவிட வேகமாக ஓடும்.

“பாத்து. டாக்டராகிட்டு எனக்கே ஊசி போட்டுடப் போற” என்று சிரித்தான்.

அக்காக்காரி எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தாள். ஒன்றையும் நம்பவில்லை. ‘வீட்டுக்கு வந்தவங்களுக்கு டீ குடுக்கிற மாதிரி ஆளுக்கொரு காரணம் குடுக்கிறா’ என்று நினைத்துக்கொண்டாள். உண்மையான காரணம் என்னவென்று தெரிந்துகொள்ள அவளுக்கும் ஆசைதான். ஆனால் கேட்க வேண்டுமென்றால் முதலில் பேச வேண்டுமே.

போன வருஷப் பரீட்சையில் எல்லாப் பாடமும் தேறி, உயிரியலில் மட்டும் கோட்டை விட்டாள். அந்த ஒரு பாடத்தை இந்த வருஷம் எழுதிப் பாஸ் பண்ண வேண்டும். தவறினால் பதிவு காலாவதியாகிவிடும். பாஸ் பண்ணின பாடங்களும் சேர்ந்து அடித்துக்கொண்டு போய்விடும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பெயிலான சேதி வந்த வாரம் அவள் ஒரு காரியம் செய்தாள். புத்தகத்திலிருந்து ஒரு பாடத்தைக் கொட்டை எழுத்தில் எழுதி, ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தான் நிற்கிற இடத்துக்குப் பின்னாலிருந்த தூணில் துணிக் கிளிப்பால் மாட்டினாள். அக்காக்காரிக்கு நேர் எதிரே தெரிந்தது.

“அண்ணி, இங்க போன் கொண்டுவரக் கூடாதுங்கிறாரு நீராவி. புஸ்தகம் பிடிக்கக் கை காலி இல்ல. தூண்ல பாடம் இருக்கு. எனக்கு முதுகுப் பக்கம். நீங்க பாத்து ஆரம்பிச்சுக் குடுத்தா, நான் முடிச்சுடுவேன்.”

அத்தனை வருஷத்தில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அது. அக்காக்காரி கண்ணைச் சுருக்கித் தூணைப் பார்த்தாள். அவளும் ஒரு காலத்தில் பத்தாவது பாஸ் பண்ணினவள்தான். அடுத்த வாரமே கல்யாணம் என்று சொல்லிவிட்டார்கள்.

விரிப்பை உதறி விலகி நின்றபடி, “இதயத்துக்கு நாலு அறை” என்று படித்தாள்.

“மேல ரெண்டு, கீழ ரெண்டு” என்று சொல்லிக்கொண்டே வந்து முனையைக் கொடுத்தாள் தம்பி பெண்டாட்டி.

“நாலு அறையா! நம்ம வீட்டுக்கே ரெண்டுதான்.”

அக்காக்காரி இதைச் சிரிக்க வேண்டுமென்று சொல்லவில்லை, தன்னை மீறி வாயில் வந்துவிட்டது. தம்பி பெண்டாட்டிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, பிடி நழுவி, விரிப்பு தரையில் விழுந்தது. நீராவி புஸ்ஸென்று ஓடிவந்தார். விரிப்பு தொட்டிக்குப் போனது. இரண்டு பேரும் தலையைக் குனிந்து நின்றார்கள், தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அப்படியே போயிற்று. விலகி நிற்கும்போது அக்காக்காரி வாக்கியத்தின் தலையைக் கொடுப்பாள், நெருங்கி வரும்போது தம்பி பெண்டாட்டி வாலைக் கொடுப்பாள்.

“உடம்பெல்லாம் சுத்திட்டு வர்ற ரத்தம்...”

“வலது மேலறைக்கு வரும்.”

“வலது கீழறை அத வாங்கி...”

“நுரையீரலுக்கு அனுப்பும்.”

பாடத்துக்கு நடுவில் வேறு பேச்சும் நுழைந்தது. வராமல் எங்கே போகும்? சிறுநீரகம் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்று படித்தபோது அக்காக்காரி, “அதுவும் லாண்டரிதான் வெச்சிருக்குன்னு சொல்லு. அங்கயும் ஒரு நீராவி இருப்பாரா?” என்றாள். நுரையீரல் பாடத்தில், மூச்சிரைப்பில் போன தன் புருஷனைப் பற்றி முதல்முறையாகச் சொன்னாள். கடைசி நாட்களில் அவனுக்குத் தலையணை உயரமாக வேண்டும், நாலு தலையணை அடுக்கி முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாளாம். தம்பி பெண்டாட்டி முனையைக் கொடுக்க வந்தவள் கொடுக்காமல் அப்படியே நின்றாள். பின்னாலிருந்து வந்த சூடான விரிப்புகள் மேடையில் குவிந்தன. மத்தியானச் சாப்பாட்டில் தன் டப்பாவிலிருந்த முட்டையை எடுத்து அண்ணி தட்டில் வைத்தாள்.

‘இந்தா’ என்பது எப்போது ‘ஏண்டி’ ஆயிற்று என்று அக்காக்காரிக்கு ஞாபகமில்லை. அவளுக்கு அது கவனத்திலேயே இல்லை.

பரீட்சைக்குக் கொஞ்ச காலமே இருக்கும்போது அந்த விபத்து நடந்தது. மழை பிடிப்பதற்குள் வெளிச்சுவரை முடித்துவிட வேண்டுமென்று தம்பி ஏணியை ஈரத்தரையில் சாத்தியிருக்கிறான். ஏணி வழுக்கியது. வலது கால் முறிந்து, தொடை வரைக்கும் மாவுக்கட்டு. எழுந்து நடக்கக் கூடாது, ஆள் துணையில்லாமல் கக்கூஸுக்குக்கூடப் போக முடியாது. “கால்தான் போச்சு, கட்டின சுவர் பூரா கலர் அடிச்சுட்டுத்தான் விழுந்தேன்” என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமை பேசினான். ஆனால் யாரும் இல்லாதபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தான். அவன் வருமானமும் நின்றுவிட்டதால் இரண்டு பெண்களும் வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். வீட்டிலும் ஓர் ஆள் வேண்டும்.

ஒரே வழிதான் இருந்தது. அக்காக்காரி காலை ஷிப்ட், தம்பி பெண்டாட்டி மாலை ஷிப்ட். கேட்டதும் நீராவி, “போடறேன். லாண்டரியாவது கொஞ்சம் அமைதியா இருக்கும்” என்றார்.

மாலை ஷிப்டில் தம்பி பெண்டாட்டிக்கு ஜோடியாக வந்தவளுக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர். கை வேகம், குணம் தங்கம், ஆனால் வாயில் ஒரே வார்த்தை. “மணி என்னாச்சு?” தூணில் பாடம் அப்படியே தொங்கியது. எதிரே நின்ற கடிகாரம் தூணைப் பார்க்காமல் அதற்கு மேலே மாட்டியிருந்த, எப்போதோ நின்றுபோன சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நுரையீரலுக்கு அனுப்பும்” என்பாள் இவள், பழக்கத்தில், முனையைக் கொடுத்தபடி.

“எத? மணி என்னாச்சு?” என்பாள் அவள்.

காலை ஷிப்டில் அக்காக்காரிக்கும் புது ஜோடிதான். வேலை நடந்தது. ஆனால் பழைய காலம் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது அவளுக்கு. லாண்டரி வாசலில், ஒருத்தி வெளியே வரும்போது ஒருத்தி உள்ளே போகும்போது, ஒரு நிமிஷம் பார்த்துக்கொள்வார்கள். “அவருக்கு மாத்திரை குடுத்துட்டேன் அண்ணி, கஞ்சி அடுப்புல மூடி வெச்சிருக்கேன்.” “சரி. நீ சாப்பிட்டியா? மழை வருது, குடைய எடுத்துக்கோ.” அதற்குள் உள்ளே மணி அடித்துவிடும்.

இப்படி இருக்கும்போது படிப்பு மையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதிரிப் பரீட்சை வைத்தார்கள். நிஜப் பரீட்சைக்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம். போய்விட்டு மத்தியானம் நனைந்துகொண்டே திரும்பி வந்த தம்பி பெண்டாட்டி, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் புத்தகங்களையெல்லாம் அள்ளி, பரணில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் செருகினாள். கையைத் தட்டிக்கொண்டு வந்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

தம்பி மாத்திரை மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். வெளியே மழை விடுவதாக இல்லை. வீட்டுக்குள் கட்டிய கொடியில் துணியெல்லாம் ஈரவாடையோடு தொங்கியது. அக்காக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து தானும் ஒரு வெங்காயத்தை எடுத்தாள்.

“என்னடி ஆச்சு?”

“ஒண்ணுமில்ல அண்ணி. நான் பரீட்சைக்குப் போகல.”

“ஏன்?”

“எனக்குப் பாடம் தெரியல.”

“தெரியலயா? தூண்ல தொங்குன அத்தனையும் தண்ணிபட்ட பாடாச் சொன்னியே!”

“சொன்னேன். நீங்க ஆரம்பிச்சீங்க, சொன்னேன். அங்க யாரு ஆரம்பிக்கிறது? ரத்த ஓட்டத்தை விவரிக்கன்னு கேள்வி. ‘நுரையீரலுக்கு அனுப்பும்’னு எழுதுறேன். யாரு அனுப்பும், எங்கேருந்து அனுப்பும், வர மாட்டேங்குது. பேப்பர் திருத்தின டீச்சர் பாத்துட்டு, ‘என்னம்மா, உங்க பதில்ல தலையே இல்ல, எல்லாம் வாலா இருக்கு’ன்னாங்க. பக்கத்துல இருந்தவங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க. நானும் சிரிச்சேன், என்ன பண்றது?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் ஒரு வசதி, அதன்மேல் பழியைப் போட்டுவிடலாம்.

அக்காக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. விலகி நிற்கும்போது இவள் பாதி, நெருங்கி வரும்போது அவள் பாதி. அத்தனை மாதமும் அவள் கற்றுக்கொண்டது கொடுக்கிற கைக்கு உரிய பாதியை மட்டும்தான். இப்படி ஒரு தப்பை விரிப்பு மடிக்கிறவர்களைத் தவிர உலகத்தில் யாராலும் பண்ண முடியாது.

“சரி, விடு. ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிருக்கேன்” என்றாள். “நீராவிகிட்ட ஒண்ணு சொன்ன, எதிர்வீட்டுல ஒண்ணு சொன்ன. என்கிட்ட உண்மையச் சொல்லு. எதுக்குடி படிக்கிற?”

தம்பி பெண்டாட்டி உரித்துக்கொண்டிருந்ததை நிறுத்தினாள்.

“சேந்தது எதுக்குன்னு எனக்கே சரியாத் தெரியாது அண்ணி. ஒரு நாள் நம்ம பஸ்ஸுக்கு முன்னாடி ஒரு பஸ் போச்சு. அதோட முதுகுல விளம்பரம் ஒட்டியிருந்துச்சு. விட்ட படிப்பைத் தொடரலாம்னு. ஒரே நெரிசல், அந்த பஸ்ஸும் நகரல, நம்ம பஸ்ஸும் நகரல. வேற பாக்க ஒண்ணுமில்ல. படிச்சுக்கிட்டே இருந்தேன். சேந்துட்டேன். பெயிலான கொஞ்ச நாள்லயே விட்டுருப்பேன். விடாததுக்குக் காரணம் வேற.”

“என்ன?”

“நீங்க ‘ஏண்டி’ன்னு கூப்பிட்டீங்க.”

அக்காக்காரி கையிலிருந்த வெங்காயம் அப்படியே நின்றது.

“எத்தனை வருஷம் உங்க முகம் எனக்குக் கிட்ட வந்துட்டுப் போச்சு. ஏதாவது பேசணும்னு இருக்கும். என்ன பேசுறதுன்னு தெரியாது. பெரியவங்க, மனசுல கஷ்டத்தோட வந்தவங்க, நாம ஏதாவது உளறிடக் கூடாதுன்னு பயம். பாடத்த மாட்டின அன்னிக்கு நீங்க ஒரு ஜோக் அடிச்சீங்க. அன்னிக்கு ராத்திரி அத நினைச்சு நினைச்சுச் சிரிச்சேன், அவர் கேட்டாரு என்னடின்னு. அதுக்கப்புறம் படிப்பு எனக்கு ஒரு சாக்குதான். பாடம் முடிஞ்சுட்டா நீங்க பேசுறதும் நின்னுடுமோன்னு, தெரிஞ்சதையே திரும்பத் திரும்ப எழுதி மாட்டினேன். உண்மையச் சொல்லணும்னா, வேணும்னே மெதுவாத்தான் படிச்சேன்.”

அக்காக்காரி வெங்காயத்தைக் கீழே வைத்தாள். ஒரு பெட்டியோடு வந்து நின்ற நாளிலிருந்து, இந்த வீட்டில் தான் ஒரு கூடுதல் தட்டு, ஒரு கூடுதல் பாய் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். குறை ஒன்றும் இல்லை, சோறு போட்டார்கள், மரியாதையாக வைத்திருந்தார்கள். ஆனால் தன் பேச்சுக்காக ஒருத்தி காத்திருந்தாள் என்பதும், அதற்காக ஒரு படிப்பையே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பதும் அவளுக்குத் தெரியாது. இப்படி ஒன்று தனக்குக் கிடைக்க வேண்டும் என்று அவள் யாரையும் கேட்டதும் இல்லை. நன்றி என்று சொன்னால் அந்நியமாக இருக்கும். அதனால் சொல்லவில்லை. எழுந்து, ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து புத்தகங்களை இறக்கினாள். மேலே படிந்திருந்த பெயிண்ட் தூசியைத் தன் கைத்துண்டாலேயே துடைத்தாள்.

“அசடு” என்றாள். “பாடம் முடிஞ்சா பேச்சு ஏண்டி நிக்குது? நாளைக்கு நான் நீராவியப் பாத்துக்கிறேன்.”

மறுநாள் காலை நீராவி, உருளை மெஷின் பக்கத்தில் முதல் டீயோடு நின்றுகொண்டிருந்தார். மழைக்காலத்தில் ஊரிலேயே கதகதப்பான இடம் அதுதான்.

“சார், எங்கள மறுபடி ஒரே ஷிப்டுல போடுங்க.”

“ஏம்மா, நீங்கதானே பிரிச்சுப் போடச் சொன்னீங்க? தம்பிய யாரு பாத்துப்பா?”

“அவனையும் இங்கயே கூட்டிட்டு வந்துடறோம்.”

“எங்க?”

“இங்கதான். கால்தான் சார் ஒடிஞ்சிருக்கு, கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. ஒரு நாற்காலி போட்டா தலையணை உறைய உக்காந்து அடுக்கிக் குடுப்பான். உங்களுக்கும் அந்த வேலைக்கு ஆள் இல்லாம திணறுது.”

புஸ்ஸென்று ஒரு சத்தம் வரப்போகிறது என்று அவள் தயாராக நின்றாள். நீராவி டீயை ஒரு வாய் குடித்தார். தூணைப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

“ஏம்மா, அந்த ரத்தம் நுரையீரலுக்குப் போச்சே...”

“ஆமா சார்.”

“போய் அங்கயே நிக்குதும்மா. அதுக்கப்புறம் என்னாச்சுன்னே தெரியல. நீங்க ஷிப்ட் மாத்திட்டுப் போயிட்டீங்க. வீட்டுக்காரியக் கேட்டேன், அவளுக்கும் தெரியல.”

அக்காக்காரி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். தூணை எட்டிப் பார்த்து, “சுத்தமாகி இடது மேலறைக்குத் திரும்பி வரும் சார்” என்றாள்.

“வந்துடுமா? சரி, சரி” என்றார் நீராவி, சொந்தக்காரர் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்த சேதி வந்தவர் போல. “நாளைக்கு வேன் துணி எடுக்க உங்க பக்கம்தான் வரும். அவனையும் ஏத்திட்டு வரச் சொல்றேன்.”

அப்படித்தான் தம்பி லாண்டரிக்கு வந்து சேர்ந்தான். வேனிலிருந்து இறக்கித் துணித் தள்ளுவண்டியில் உட்காரவைத்து, காலுக்கு அடியில் விரிப்புக் கட்டு ஒன்றைக் கொடுத்து, உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். “ராஜா வர்றாரு, வழி விடுங்க” என்று அவனே சத்தம் போட்டான். வீட்டில் சுவரைப் பார்த்துக் கிடந்தவனுக்கு நாலு முகத்தைப் பார்த்ததும் பாதி வலி போய்விட்டது. மடியில் தலையணை உறைகளைப் போட்டுக்கொண்டு, அடுக்குகிறேன் பேர்வழி என்று ஊர்க்கதை பேச ஆரம்பித்தான்.

மடிப்பு மேடையில் தம்பி பெண்டாட்டி வழக்கம்போல் தூணுக்கு முன்னால் போய் நின்றாள். அக்காக்காரி தலையை ஆட்டினாள்.

“அங்க இல்ல. இந்தப் பக்கம் வா. இடம் மாறி நிப்போம். இனிமே நீ வாங்குற கை, நான் குடுக்கிற கை. நீ பாத்து ஆரம்பி, நான் முடிக்கிறேன். ரெண்டு நாள் கழிச்சுத் தூண்ல இருக்கிறதக் கழட்டிடுவோம்.”

“நீங்க முடிப்பீங்களா அண்ணி?”

“பாப்போமே.”

கை முதலில் ஒத்துழைக்கவில்லை. அத்தனை வருஷப் பழக்கம் லேசில் விடுமா? இருவரும் ஒரே நேரத்தில் கொடுத்தார்கள், ஒரே நேரத்தில் குனிந்தார்கள், நெற்றி முட்டியது. தம்பி கைதட்டினான். இரண்டாவது விரிப்பில் சரியாயிற்று. தம்பி பெண்டாட்டி விலகி நின்று, தயங்கித் தயங்கி, “உடம்பெல்லாம் சுத்திட்டு வர்ற ரத்தம்” என்றாள்.

நெருங்கி நடந்துகொண்டே, “வலது மேலறைக்கு வரும்” என்றாள் அக்காக்காரி.

“வலது கீழறை அத வாங்கி...”

“நுரையீரலுக்கு அனுப்பும்.”

“நுரையீரல்ல சுத்தமாகி...”

“இடது மேலறைக்குத் திரும்பும். அங்கேருந்து இடது கீழறை. அங்கேருந்து உடம்பு பூரா.”

கடைசி முனையைக் கொடுத்துவிட்டு அக்காக்காரி அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை நாளும் அவள் வாய் சொன்னது முதல் பாதியை. மறு பாதி அவளுக்கு முதுகுப் பக்கம் இருந்த தூணில் எழுதியிருந்தது. திரும்பிப் பார்க்காமலேயே வந்தது. காதில் விழுந்து விழுந்து உள்ளே எங்கேயோ மடித்து அடுக்கிவைத்த மாதிரி இருந்திருக்கிறது. அவளுக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

“அக்கா, பரீட்சைய நீயே எழுதலாம் போலிருக்கே” என்று தம்பி சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன், மெதுவாக நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான். சின்ன வயசில் அவன் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவள் அவள்தான். அவனை வகுப்பில் விட்டுவிட்டுத் தன் வகுப்புக்கு ஓடுவாள். அவன் குனிந்து தலையணை உறைகளை அடுக்கத் தொடங்கினான். அன்றைக்கு அப்புறம் ஊர்க்கதை எதுவும் சொல்லவில்லை.

பரீட்சை நாள் வரைக்கும் இடம் மாறி மாறி நின்றார்கள். தூண் காலியாகிவிட்டது. ஒரு நாள் தலை அவளுக்கு, வால் இவளுக்கு, மறுநாள் மாற்றி. தம்பி பெண்டாட்டி எங்கேயாவது திக்கினால் மெஷின் பக்கமிருந்து நீராவி எடுத்துக்கொடுப்பார், தப்பாக. எல்லாரும் சேர்ந்து அவரைத் திருத்துவார்கள். ஷிப்ட் மாறிப் பகலுக்கு வந்த கடிகாரம்கூட ஒரு தடவை, மணியைக் கேட்காமல், “கணையம் எங்க இருக்கு?” என்று கேட்டுவிட்டாள்.

பரீட்சைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். தம்பியை நீராவி பார்த்துக்கொள்கிறேன் என்றுவிட்டார். படிப்பு மையத்து வாசலில் ஒரு பெரிய மரம். அதன் அடியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய விரிப்பைப் போட்டு அக்காக்காரி உட்கார்ந்தாள். சுற்றிலும் இவளைப் போலக் காத்திருந்தவர்கள். ஒரு பெரியவர் பெண்டாட்டியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் ஒருவர் உடுப்போடு வந்து அவசரமாக உள்ளே ஓடினார். கைக்குழந்தையை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு ஒரு பெண் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். ஒவ்வொருவரிடமும் எத்தனை பேர் எத்தனை தடவை கேட்டிருப்பார்கள், எதுக்கு என்று. அத்தனை பேரும் ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டு, நிஜப் பதிலை உள்ளே வைத்துக்கொண்டு வந்திருப்பார்கள். அக்காக்காரிக்கு அவர்கள் எல்லாருக்கும் ஒரு டீ வாங்கிக்கொடுக்க வேண்டும்போல் இருந்தது. கொண்டுவந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துப் பக்கத்திலிருந்தவர்களுக்கு நீட்டினாள்.

மணி அடித்து எல்லாரும் வெளியே வந்தார்கள். தம்பி பெண்டாட்டி கைவிரலெல்லாம் மையாக வந்து நின்றாள்.

“என்னடி?”

“ரத்த ஓட்டம் வந்துச்சு அண்ணி.”

“தலையோடவா?”

“தலையோட, வாலோட. படமும் போட்டேன். கூட வேற தாள் வாங்கி எழுதினேன்.” அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாகவே வந்தது. “நீங்க எதிர்ல நிக்கிற மாதிரியே நினைச்சுக்கிட்டேன். விலகிப் போனப்ப நானே ஆரம்பிச்சேன், கிட்ட வந்தப்ப நானே முடிச்சேன். உங்களாலதான் அண்ணி.”

“என்னாலயா? உன்னாலதான்டி எனக்கு...” என்று ஆரம்பித்தவளுக்கு அதற்குமேல் ஓடவில்லை. “நீ மட்டும் அன்னிக்கு அந்தத் தூண்ல அத மாட்டலைன்னா நான் இன்னும் ‘இந்தா’ன்னுதான் கூப்பிட்டுட்டு இருப்பேன். உனக்கு நான் எப்படி...” என்று சொல்லி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “சரி, கிளம்பலாம், இந்த விரிப்ப மடி” என்றாள்.

ஆளுக்கு இரண்டு முனை பிடித்தார்கள். மரத்தடி மண்ணை உதறினார்கள். அகலவாட்டில் ஒரு மடிப்பு, அதன்மேல் இன்னொன்று. அக்காக்காரி முனையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். தம்பி பெண்டாட்டி கொடுக்கவில்லை.

“இன்னிக்கு நீங்கதான் குடுக்கணும். அண்ணி, உள்ள கேட்டுட்டு வந்தேன். அடுத்த வருஷத்துக்கு இப்பவே சேக்கிறாங்களாம். பத்தாவது பாஸ் பண்ணியிருந்தாப் போதுமாம்.”

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான். அடுத்த வருஷம் நீங்க உள்ள, நான் மரத்தடில.”

“எனக்கு எதுக்குடி இந்த வயசுல?”

கேட்டு முடித்த பிறகுதான், தான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. தம்பி பெண்டாட்டி வாய்விட்டுச் சிரித்தாள்.

“கேக்கிறவங்களுக்குச் சொல்ல என்கிட்ட நிறையக் காரணம் மிச்சம் இருக்கு அண்ணி. சூப்பர்வைசர் வேலை இருக்கு, டி.வி. இருக்கு. எது வேணுமோ எடுத்துக்கோங்க.”

அக்காக்காரி விரிப்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அந்தக் கட்டிடத்தின் வாசலையே பார்த்தாள். அப்புறம் நடந்து வந்து, தன் முனையைத் தம்பி பெண்டாட்டியின் மை படிந்த கையில் கொடுத்தாள்.

“அதுக்கு போட்டோ எல்லாம் கேப்பாங்களா?” என்றாள்.